கோடும் கூலியும்

நம் பேத்திக்கு வயது நான்கு. எழுத்துக் கூட்ட இன்னும் தெரியாது. ஆயினும் அவள் புத்தகம் படிக்கிறாள். மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டி, படத்திலிருந்து கதையைத் தானே எடுத்துச் சொல்லுகிறாள். சென்ற நோன்புப் பெருநாளன்று நம் தங்கை மகள் அவளுக்கு ஓர் ஆங்கிலப் புத்தகத்தை அன்பளிப்பாகத் தந்தாள். 'தி ப்ரவுடஸ்ட் ப்ளூ' என்பது அதன் பெயர். 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாப் அணிந்தே வாள்வீச்சுக் களத்தில் இறங்கி, அமெரிக்க அணியோடு வெண்கலப் பதக்கம் வென்ற இப்திஹாஜ் முஹம்மது, எஸ். கே. அலி என்னும் எழுத்தாளருடன் சேர்ந்து எழுதியது. அக்காள் முதன்முதலாக நீல ஹிஜாப் அணிந்து பள்ளிக்குப் போகிறாள். தங்கை உடன் நடக்கிறாள். சிலர் கேலி செய்கிறார்கள். அக்காள் தலை குனியவில்லை. கதை இவ்வளவே. ஆனால், அந்த நீலம் இருக்கிறதே, அது ஒரு துணியின் நீலமாகத் தொடங்கிக் கடலின் நீலமாகவும் வானின் நீலமாகவும் தாளெங்கும் பரவிவிடுகிறது. எழுதியவர்கள் சொல்லில் வைத்த பெருமிதத்தை, எழுத்தறியாத ஒரு குழந்தையின் நெஞ்சில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த நீலந்தான்.

"இதை யாரு வரஞ்சது?" என்று பேத்தி கேட்டாள்.

அட்டையைத் திருப்பிப் பார்த்துத்தான் நாம் விடை சொல்ல வேண்டியிருந்தது. ஹாத்திம் அலி, எகிப்தில் பிறந்து, கனடாவில் வாழும் ஓவியர். பெயரைச் சொல்லிவிட்டோம், ஆனால் மனம் உறுத்தியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருகிறோம். எத்தனையோ புத்தகங்களை அவர்கள் கையில் கொடுத்திருக்கிறோம். ஆசிரியர் பெயரை மனப்பாடம் செய்வித்தோம். பதிப்பகத்தின் பெயரைக்கூட அறிவோம். வரைந்தவர் யார் என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? நான்கு வயதுப் பிள்ளைக்குத் தோன்றிய கேள்வி நமக்குத் தோன்றவில்லை.

அந்தத் தங்கை மகளும் ஓவியம் வரைந்தே பிழைப்பவள். வீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, வெள்ளைத் தாளுக்குப் பதிலாக மின்திரை, தூரிகைக்குப் பதிலாக அதன் பேனா. எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. இத்தகையோரை 'ஃப்ரீலான்ஸ்' ஓவியர் என்கிறார்கள். யார் வேலை தருகிறார்களோ அவர்களுக்குச் செய்து கொடுத்து, அந்த வேலைக்கு மட்டும் கூலி பெறுவோர். நம் சிறுவயதில் அம்புலிமாமா இதழில் விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் வரைந்த ஓவியர் சங்கர், 1952இல் அந்நிறுவனத்தில் சேர்ந்து, பல பத்தாண்டுகள் அங்கேயே ஊதியம் பெற்றுப் பணியாற்றியவர், 2020இல் மறைந்தார். அவ்வாறு ஓர் இதழே ஓவியருக்கு வீடாக இருந்த காலம் போய்விட்டது. இன்று குழந்தை நூல்களுக்கு வரைவோரிற் பெரும்பாலோர், வாசலில் நின்று வேலை கேட்டு வாங்கும் தச்சரையும் கொத்தனாரையும் போன்றவர்களே. வாசல் மட்டும் இலண்டனிலோ நியூயார்க்கிலோ சென்னையிலோ இருக்கிறது.

அவ்வேலை எத்தகையது என்பதை ஒரு மாலைப்பொழுதில் அவள் அருகில் அமர்ந்து கேட்டு அறிந்தோம். குழந்தைகளின் படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கங்கள். பெரிய தாளின் இருபுறமும் அச்சிட்டு மடிக்கும்போது பக்கங்கள் எட்டும் பதினாறுமாக வருவதால் அந்தக் கணக்கு. தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம் முதலியன போக, விரித்தால் இரு பக்கமாகத் தெரியும் படங்கள் 12 முதல் 14 வரை வரையவேண்டும். முதலில் தீப்பெட்டி அளவுச் சிறு கட்டங்களில் முழுப் புத்தகத்தையும் கிறுக்கிப் பார்க்க வேண்டும். பின்னர் பென்சில் வரைவு. அதைப் பதிப்பாசிரியர் பார்த்து, இந்தப் பிள்ளையின் முகம் திரும்பட்டும், அந்த மரம் அகலட்டும் என்று திருத்தம் சொல்வார். அதன் பிறகே வண்ணம். இரண்டு பக்கத்துக்கும் நடுவே மடிப்பு விழும் இடத்தில் முகமோ கையோ வரக்கூடாது; வந்தால் தையலுக்குள் போய்விடும். தாளை வெட்டும்போது கத்தி சற்று விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாதிருக்க, நாற்புறமும் மூன்று மில்லிமீட்டர் படத்தை நீட்டி வரையவேண்டும். முதற்பக்கத்தில் மூன்று பொத்தான் உள்ள சட்டை, இருபதாம் பக்கத்திலும் மூன்று பொத்தானோடுதான் இருக்கவேண்டும். பெரியவர்கள் கவனியார்; பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள்.

கூலியோ மூவகை. ஒரே தொகையாகப் பேசி முடித்துவிடுவது ஒன்று. முன்பணம் தந்து, விற்ற பிரதிகளின் ராயல்டியில் அதைக் கழித்து, மிச்சம் வந்தால் கொடுப்பது மற்றொன்று. மூன்றாவது வணிகத்துக்குரியது. வாழ்த்து அட்டை, மிட்டாய்ப் பெட்டி, நாட்காட்டி, விளம்பரம் ஆகியவற்றுக்கு வரையும்போது, இந்தப் பொருளுக்கு, இந்த நாட்டில், இத்தனை ஆண்டுக்கு என்று வரையறுத்துப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும் விற்பது. படம் ஓவியரிடமே இருக்கும். இதைக் கேட்டதும் நமக்கு மத்ரஸா நினைவு வந்தது. விற்பனை என்பது 'பைஉ'. பொருளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பயனை மட்டும் கொடுப்பது 'இஜாரா'. வீட்டை வாடகைக்கு எடுத்தவன் வீட்டையே விற்றுவிட முடியுமா? படத்தின் சட்டமும் அதுவே என்றோம். "அதை எனக்கு வேலை கொடுக்கிறவங்களுக்குச் சொல்லுங்க மாமா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பின் பொருள் பின்னரே நமக்கு விளங்கிற்று.

உருவப்படம் வரைவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே நெடிய கருத்து வேறுபாடு உண்டு என்பதை வாசகர்கள் அறிவர். நாம் கற்ற இடத்தில் கடுமையான கருத்தையே கற்றோம். வரைந்து பிழைக்கும் ஒருவர் வந்து கேட்டபோது, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் எச்சரிக்கையைச் சொல்லிவிட்டு, மரம் போன்ற உயிரற்றவற்றை வரைந்துகொள் என்று வழியும் காட்டியதாக புகாரியில் வருகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுமியாயிருந்தபோது பொம்மைகளோடு விளையாடிய செய்தியும் அதே நூலில் உண்டு. நாம் ஒரு பக்கமும் நம் தங்கை மகள் ஒரு பக்கமுமாக வீட்டில் பேசிப் பேசித் தீராத பொருள் அது; இங்கும் தீரப்போவதில்லை. ஆனால் ஒன்று. நாம் மத்ரஸாவில் அல்-ஹரீரீயின் 'மகாமாத்'தை ஓதியவர்கள். ஸரூஜ் ஊர் அபூ ஸைதின் வேடங்களும் சொற்சிலம்பமும் நிறைந்த 50 மகாமாக்களின் தொகுதி. அருஞ்சொற்பொருளும் இலக்கணமுமாக அதை வறட்டி எடுத்தோமேயன்றி, அந்நூலுக்குப் படம் உண்டு என்று கனவிலும் அறியோம். யஹ்யா இப்னு மஹ்மூத் அல்-வாஸிதீ என்பவர் ஹிஜ்ரி 634இல், அதாவது 1237இல், அதைத் தம் கையால் படியெடுத்து, 99 படங்களும் வரைந்தார். பள்ளிவாசலில் கூடியிருப்போர், நூலகத்தில் கற்போர், சந்தையில் விலை பேசுவோர் என்று அக்காலத்து மக்கள் யாவரும் அதில் இருக்கிறார்கள். அப்பிரதி பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. நூலின் இறுதியில், எழுதியதும் வரைந்ததும் தாமே என்று அவர் தம் பெயரைப் பதித்துள்ளார். அப்பெயரை நமக்கு முதலில் சொன்னவள் அரபு ஒரு வரியும் முறையாகக் கற்காத நம் தங்கை மகள்!

அவள் வழியாகவே வேறு சில பெயர்களையும் அறிந்தோம். ஈரானில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் மெஹர்தோக்த் அமீனீ என்னும் பெண்மணி, ஹெனா கான் எழுதிய இரு நூல்களுக்கு வரைந்துள்ளார். 2012இல் வந்தது நிறங்களைக் கற்பிப்பது. 2018இல் வந்தது வடிவங்களைக் கற்பிப்பது. தொழுகை விரிப்பின் சிவப்பு, குவிமாடத்தின் பொன்மை என்று நம் வீட்டுப் பொருள்களையே கொண்டு பிள்ளைக்கு நிறம் சொல்லும் நூல் அது. ஆப்பிளும் பலூனும் கொண்டு நிறம் கற்ற தலைமுறை நாம். தன் வீட்டுப் பாயே பாடமாக வரும்போது பிள்ளையின் கண் எவ்வாறு விரிகிறது என்பதை நேரில் கண்டோம். வங்காளதேசத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஃபஹ்மிதா அஸீம், 2021இல் 'அமீராஸ் பிக்சர் டே' என்னும் நூலுக்கு வரைந்தார். பெருநாளும் பள்ளியில் புகைப்படம் எடுக்கும் நாளும் ஒன்றாய் வந்துவிட, எதை விடுவது என்று தவிக்கும் சிறுமியின் கதை. அதே கை, சீனாவில் உய்குர் முஸ்லிம் பெண்ணொருவர் தடுப்பு முகாமில் பட்ட துயரத்தைப் படக்கதையாக ஒரு செய்தி நிறுவனத்துக்கு வரைந்தது. அதற்காக 2022இல் அவருக்கும் உடன் உழைத்த மூவருக்கும் புலிட்சர் பரிசு கிட்டியது. பெருநாள் சட்டையின் பளபளப்பும் சிறைச் சுவரின் இருளும் ஒரே மேசையிலிருந்து வருகின்றன. எந்த நிறுவனத்தையும் சாராத ஓவியரின் வாழ்வு அத்தகையது. இன்று ஒரு குழந்தை நூல். நாளை ஒரு செய்திக்கட்டுரை. மறுநாள் வேலையே இல்லை.

வேலையே இல்லாத நாள்கள் இப்போது மிகுந்து வருகின்றன என்றும் சொன்னாள். 2022 முதல், சொல்லைக் கொடுத்தால் படம் தரும் இயந்திரங்கள் பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டன. கோடிக்கணக்கான படங்களை இணையத்திலிருந்து எடுத்து அவற்றுக்குப் பயிற்சி தந்தார்கள். வரைந்தவர்களை யாரும் கேட்கவில்லை. சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஓர்டிஸ் என்னும் மூன்று ஓவியர்கள் 2023 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் அந்நிறுவனங்கள் சிலவற்றின் மீது வழக்குத் தொடுத்தார்கள். நாமும் ஒரு விளம்பரத் தாளைக் கண்டோம். மீலாது விழாவுக்கு யாரோ இயந்திரத்தைக் கொண்டு செய்தது. அழகான பள்ளிவாசல், வாயில் வளைவில் அரபு எழுத்துப் போல ஏதோ பொறித்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்க முயன்றோம். அது எந்த எழுத்தும் இல்லை! அலிஃபைப் போன்ற கோடு, நூனைப் போன்ற வளைவு, இடம் தெரியாமல் சிதறிய புள்ளிகள். கோடு இருந்தது, கோட்டுக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை.

இயந்திரத்தின் செயல் இருக்கட்டும். மனிதர் செயல் ஒன்றைச் சொல்லவே இக்கட்டுரையைத் தொடங்கினோம்.

இரண்டு ரமலானுக்கு முன்பு, பேரீச்சம்பழ வணிகர் ஒருவர், அன்பளிப்புப் பெட்டிக்குப் படம் வேண்டும் என்று நம் தங்கை மகளை அணுகினார். முதலில் மாதிரி அனுப்புங்கள், பிடித்தால் விலை பேசலாம் என்றார். பிறைக்குக் கீழே விளக்கேந்திய பிள்ளைகள், மினாரா, ஈச்ச மரம் என்று நான்கு படங்கள் வரைந்து அனுப்பினாள். சில நாளில், 'இப்போது தேவையில்லை' என்று பதில் வந்தது. நோன்பு பிறந்து ஐந்தாம் நாள், நம் வீட்டுக்கே அன்பளிப்பாக ஒரு பெட்டி வந்தது. அதன் மீது அவள் படம். விளக்கின் நிறத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

அவள் அழவில்லை, கோபித்தாள். அந்த வணிகரை நாம் நன்கு அறிவோம். நாம் ஓதிக்கொடுக்கும் மக்தபுக்கு ஆண்டுதோறும் உதவி செய்பவர். அதனால், உண்மையைச் சொல்லப்போனால் அதனால்தான், "விட்டுவிடு மகளே, நோன்பு நேரம், நல்ல காரியத்துக்குத்தானே போயிருக்கிறது, நன்மை கிடைக்கும்" என்றோம்.

அவள் நம்மை உற்றுப் பார்த்தாள். "மாமா, கடன் ஆயத்துக்கு எனக்கு விளக்கம் சொல்லிக்கொடுத்தது நீங்கதானே?" என்று கேட்டாள். பிறகு எழுந்துபோய், நம் அலமாரியிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துவந்து முன்னால் வைத்தாள். "இதுல இருக்கிற படமெல்லாம் யார் வரஞ்சது?"

அது நம் புத்தகம். 1996இல், நமக்கு வயது 27 இருக்கும்போது, மக்தப் பிள்ளைகளுக்கு என்று நாம் தொகுத்த அரபு அரிச்சுவடி. 28 எழுத்துக்கு 28 படம். உயிருள்ளவை வேண்டா என்று தீர்மானித்து, அலிஃபுக்கு இப்ரீக் என்னும் கெண்டி, பாவுக்கு பாப் என்னும் கதவு, தாவுக்கு தமர் என்னும் பேரீச்சம்பழம் என்று சொற்களைத் தேடித் தேடி அமைத்தோம். ஊரில் கடைகளுக்குப் போர்டு எழுதும் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். அவரிடம் பட்டியலைக் கொடுத்தோம். ஸைதூன் மரத்தை அவர் கண்டதில்லை. "நாவப்பழம் மாதிரின்னு சொன்னீங்களே அசரத்து" என்று நாவல் கொம்பு ஒன்றை ஒடித்துவந்து வைத்துக்கொண்டு, இலையை மட்டும் நாம் சொன்னபடி ஒடுக்கி வரைந்தார். ஸீனுக்கு ஸஃபீனா. கப்பலை வரையாமல், நம் கரையில் நிற்கும் வள்ளத்தையே பாய் விரித்து வரைந்துவிட்டார். அதுவே புத்தகத்தின் மிக அழகிய படம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

எவ்வளவு கூலி என்று முன்னதாகப் பேசவில்லை. பதினைந்து இரவுகள் கடை அடைத்த பின் அமர்ந்து வரைந்தார். 28 படங்களையும் கொண்டுவந்தபோது, கையில் 200 ரூபாய் கொடுத்து, "பிள்ளைகள் ஓதுகிற புத்தகம், உங்களுக்குப் பெரிய புண்ணியம்" என்றோம். அவர் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டு போனார். புத்தகத்தில் நம் பெயர் பெரிதாக இருக்கிறது. அச்சகத்தின் பெயர் இருக்கிறது. செலவுக்கு உதவியவர்களின் பெயர் ஒரு பக்கம் நிறைய இருக்கிறது. அவர் பெயர் இல்லை. ஐந்து பதிப்புகள் வந்தன. ஒருமுறையும் அவரைக் கேட்கவில்லை. ஓராண்டு மக்தப் நாட்காட்டியிலும் அந்த வள்ளத்தை எடுத்துப் போட்டோம்.

"இந்த வள்ளத்தைப் பார்த்து வரஞ்சுதான் மாமா நான் படமே வரையக் கத்துக்கிட்டேன். அஞ்சு வயசுல, உங்ககிட்ட ஓத வந்தப்போ" என்று தங்கை மகள் மெதுவாகச் சொன்னாள்.

பேரீச்சம்பழப் பெட்டிக்கும் நம் அரிச்சுவடிக்கும் என்ன வேறுபாடு? அவர் வாணிபத்துக்கு எடுத்தார், நாம் மார்க்கக் கல்விக்கு எடுத்தோம் என்றா? அமல் எதுவாயினும் அடுத்தவன் ஹக்கு அடுத்தவன் ஹக்கே. நல்ல நோக்கம் என்னும் போர்வை நம் தவற்றை மறைத்ததேயன்றிக் குறைக்கவில்லை.

அன்றிரவு நாம் கிதாபுகளை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். புதிதாக எதுவும் தேட வேண்டியிருக்கவில்லை. முப்பது ஆண்டுகளாக நாம் ஓதிக்கொடுத்தவையே அவை. திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? தவணை குறித்த கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பாதீர்கள் என்னும் கருத்து அதில் வருகிறது. எழுதுவோன் நீதியோடு எழுதவேண்டும். சாட்சியர் இருவர் வேண்டும். வேர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொல்லும் நபிமொழி நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்பது புகாரியில் உள்ளது. சொல்லிச் செய்விக்கும் பொருளுக்கு ஹனஃபீ சட்டநூல்களில் 'இஸ்திஸ்னாஉ' என்று தனிப் பாடமே உண்டு. பொருளின் வகை, அளவு, தன்மை, விலை யாவும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நூலாக்கத்தின் உரிமையும் ஷரீஅத் பாதுகாக்கும் உரிமையே என்று, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி தீர்மானித்தது. அன்று நாம் மத்ரஸா மாணவர். பரீட்சைக்கு இஸ்திஸ்னாஉவை நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தோம்.

உலகச் சட்டமும் பின்னால் இல்லை. நியூயார்க் நகரில் 2017 மே மாதம் முதல், தனித்து உழைப்போருக்கு 800 டாலரோ அதற்கு மேலோ வேலை தந்தால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். நாள் குறிக்காவிடில் வேலை முடிந்த 30 நாளுக்குள் கூலி தரவேண்டும். 2024 ஆகஸ்டில் அது நியூயார்க் மாநிலம் முழுமைக்கும் ஆயிற்று. 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவிலும் அத்தகைய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்கே 250 டாலரிலேயே எழுத்து கட்டாயம். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், உரிமையை மாற்றிக் கொடுப்பது கையொப்பத்தோடு எழுத்தில் இருந்தாலன்றிச் செல்லாது என்கிறது. எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எந்த நிலப்பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளவேண்டுமாம். படைத்தவன் தன் பெயரைக் கோரும் உரிமை, மற்ற உரிமைகளை விற்றுவிட்டாலும் போகாது. இவற்றையெல்லாம் நம் தங்கை மகள் அறிந்திருந்தாள். நாம் அறிந்திருந்ததை நாமே மறந்திருந்தோம்.

மறுவாரம் அண்ணாச்சியைத் தேடிப்போனோம். பிளெக்ஸ் போர்டு வந்த பிறகு கையால் எழுதுவிப்பார் எவருமில்லை. கடையை விட்டுவிட்டு மகன் வீட்டில் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கை சற்று நடுங்குகிறது. திண்ணையில் அமரச் செய்து, மோர் கொடுத்தார். எவ்வாறு தொடங்குவது என்று தெரியாமல் புத்தகத்தை எடுத்து நீட்டினோம். வாங்கிப் புரட்டினார். வள்ளத்தின் பக்கம் வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார்.

"மூணாவது பதிப்புல இதை மாத்தித் திருப்பிட்டாங்க அசரத்து" என்றார். "அச்சகத்துக்காரங்க பக்கத்துக்குத் தோதா இருக்கட்டும்னு கண்ணாடி பிம்பமா வச்சிட்டாங்க. நான் போட்டது நம்ம கரையில அடிக்கிற காத்துக்கு. இப்போ பாய் காத்துக்கு எதிரா உப்பியிருக்கு பாருங்க."

இருபது ஆண்டுகளாக அந்தப் பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி ஓதிக்கொடுக்கிறோம். நம் கண்ணில் பட்டதில்லை. அவரோ மூன்றாம் பதிப்பை எங்கேயோ பார்த்து, அதைக் கண்டு, வருந்தி, நம்மிடம் வந்து ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்திருக்கிறார். "ஏன் அண்ணாச்சி அன்றே சொல்லவில்லை?" என்று கேட்டோம். "உங்க புத்தகம்லா" என்றார்.

உங்கள் புத்தகம் என்ற அந்தச் சொல்லுக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. ஐந்து பதிப்புகளுக்கும் நாட்காட்டிக்குமாக, நம் தங்கை மகள் கணக்கிட்டுச் சொன்ன தொகையைக் கொண்டுபோயிருந்தோம். தர்மம் என்று எண்ணிவிடக் கூடாதே என்ற அச்சத்தால், கணக்கைத் தாளில் எழுதி, பணத்தை அதன் மீது வைத்தோம். அவர் கணக்கை நிதானமாகப் படித்தார். நாட்காட்டிக்கு உரியதை மட்டும் எடுத்துத் திருப்பித் தந்தார். "அது பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் கொடுத்ததா இருக்கட்டும்" என்றார். மற்றதை மடியில் கட்டிக்கொண்டார். கேட்டு வாங்கினால் கொடை. கேளாமல் எடுத்தால் பறிப்பு. அந்த வேறுபாட்டை ஃபிக்ஹு நூல் எதையும் தொடாத அவர் நமக்குக் காட்டினார்.

"இன்னும் ஒரு விஷயம்" என்றார். "அடுத்த தடவை போடும்போது வள்ளத்தை நேரா வைக்கச் சொல்லுங்க. என் பேரையும் போடுங்க. பேரன் பார்க்கணும்."

ஒப்பந்தத்தை நம் தங்கை மகள் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதினாள். படங்கள் இன்னின்ன, நூல் இன்னது, ஒரு பதிப்புக்கு மட்டும் அனுமதி, கூலி இவ்வளவு, பெயர் தலைப்புப் பக்கத்தில் வரும், படத்தைத் திருப்பவோ மாற்றவோ கூடாது. அண்ணாச்சி கையொப்பமிட்டார், நாமும் இட்டோம், அவர் மகனும் நம் தங்கை மகளும் சாட்சி. அவர் பெயரை இங்கே எழுத அனுமதி கேட்டோம். "பத்திரிகையில வேண்டாம், புத்தகத்துல இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே எழுதவில்லை.

அதன் பிறகே பேரீச்சம்பழ வணிகரிடம் சென்றோம். அதற்கு முன் சென்றிருந்தால் பேசும் தகுதி நமக்கு இருந்திராது. 'மாதிரிக்கு அனுப்பியதுதானே, யாருடையது என்று யார் பார்க்கிறார்கள்' என்றார் முதலில். நாம் நம் கதையைச் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர் கூலியைக் கணக்கிட்டுக் கொடுத்தனுப்பினார். மனக்கசப்போடுதான் கொடுத்தார் என்பதை, அடுத்த நோன்பில் மக்தபுக்கு அவரிடமிருந்து வழக்கமான உதவி வராததால் உணர்ந்தோம். அதற்காக வருந்துகிறோம்; சென்றதற்காக வருந்தவில்லை.

நம் இல்லங்களிலும் படம் தேவைப்படாத நாள் குறைவு. நிக்காஹ் அழைப்பிதழ், கடைப் பெட்டி, பள்ளி ஆண்டுமலர், மக்தப் பாடநூல் என்று எதற்கோ ஒருவரை நாடுகிறோம். சொந்தக்காரப் பிள்ளைதானே, வரையத் தெரிந்த பையன்தானே, ஐந்து நிமிட வேலைதானே என்கிறோம். ஐந்து நிமிடத்தில் வரையும் கை அந்நிலைக்கு வர எத்தனை ஆண்டு பழகிற்று என்று எண்ணுவதில்லை. வேலை சொல்லுமுன் கூலியைச் சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதுங்கள். மாதிரி கேட்டால் மாதிரிக்கும் ஏதேனும் கொடுங்கள். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மறுமுறை பயன்படுத்தும் முன் கேளுங்கள். பெயரைப் போடுங்கள். பிள்ளைக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும்போது, எழுதியவர் பெயரோடு வரைந்தவர் பெயரையும் வாசியுங்கள்.

ஆறாம் பதிப்பு சென்ற ஷவ்வாலில் வந்தது. வள்ளம் நேராக நிற்கிறது. பாயில் நம் கரைக் காற்று. மக்தபில் முதல்நாள் பாடம் தொடங்கியபோது, அலிஃபுக்கு முன்னால் தலைப்புப் பக்கத்தைத் திறக்கச் சொன்னோம். வரைந்தவர் பெயரைப் பிள்ளைகள் உரத்த குரலில் ஒன்றாக வாசித்தார்கள். பின்வரிசையில் ஒரு சிறுவன் கையை உயர்த்தி, "அசரத்து, இவரு எங்க தெருத் தாத்தா!" என்றான்.